வீட்டு சர்வருக்கு எந்த டோரன்ட் கிளையன்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல், வீட்டின் ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடும் சின்ன கணினிக்கான பக்கம் இது. அது ராஸ்பெர்ரி பை 4 ஆக இருக்கலாம், பழைய லேப்டாப்பாகவோ மினி பிசியாகவோ இருக்கலாம். கீழே வரும் விவரங்கள் டெபியன் 12 லினக்ஸை வைத்து எழுதப்பட்டவை. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அதே தலைமுறைக்கும் இவை பொருந்தும். டோரன்ட் என்பது பயனர்கள் கோப்புகளைத் துண்டுதுண்டாகத் தங்களுக்குள் பகிரும் முறை, கிளையன்ட் அதற்கான மென்பொருள். சட்டப்படி பகிரக்கூடியவை டோரன்ட்டில் ஏராளம்: லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள், லிப்ரேஆபிஸ், கிவிக்ஸ் தரும் ஆஃப்லைன் விக்கிப்பீடியா, இன்டர்நெட் ஆர்க்கைவ் தொகுப்புகள். அவற்றை இறக்குவதோடு நிற்காமல் நாள் முழுக்க சீட் செய்ய, அதாவது மற்றவர்களுக்குப் பகிர, வீட்டு சர்வரைவிட வசதியான இடம் கிடையாது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதைப் போடுவது?

டிரான்ஸ்மிஷன் டீமன். டீமன் என்றால் திரையில்லாமல் பின்னணியில் ஓடும் ப்ரோகிராம். முதல்முறை போடுபவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

நூற்றுக்கணக்கான டோரன்ட்டுகளை வகை பிரித்து வைக்க வேண்டும், புதிய வெளியீடுகளைப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் ஓடையிலிருந்து தானாக இறங்க வேண்டும், குறிப்பிட்ட நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் வழியாக மட்டுமே போக வேண்டும் என்றெல்லாம் தேவை இருந்தால் கியூபிட்டோரன்ட்-நாக்ஸ். டெலூஜ், ஆர்டோரன்ட், ஆரியா2 மூன்றும் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுக்கத் தனியாக ஒரு காரணம் இருக்க வேண்டும்.

டெஸ்க்டாப் கிளையன்ட்டையே போட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்த்துக்கொண்டால் ஆகாதா?

ஆகும், ஆனால் வீண். ஒரு டோரன்ட் பட்டியலைப் பார்ப்பதற்காக முழு டெஸ்க்டாப்பும் ரேமில் உட்கார்ந்திருக்கும். செஷன் மூடினால் கிளையன்ட்டும் சேர்ந்து மூடும். கரன்ட் போய் வந்தால் யாராவது லாகின் செய்து மறுபடி திறக்க வேண்டும். டீமனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மெஷின் பூட் ஆனதும் தானே எழும், பிரவுசரிலோ போனிலோ இருந்து கட்டளை வாங்கிக்கொள்ளும்.

ஒவ்வொன்றுக்கும் என்ன வித்தியாசம்?

டிரான்ஸ்மிஷன் 2005-இல் வந்தது. டீமன், வெப் பக்கம், கட்டளை வரிக் கருவி எல்லாம் அதோடு கூடவே வருகின்றன. வெப் பக்கம் 9091 போர்ட்டில். மற்றவர்களின் கிளையன்ட்டுகள் (பீர்கள்) வந்து இணையும் பீர் போர்ட் 51413. அமைப்பு முழுவதும் செட்டிங்ஸ்.ஜேசன் என்ற ஒரே கோப்பில் இருக்கும். வெப் பக்கம் எளிமையானது, ஆர்எஸ்எஸ் கிடையாது. 2023-இல் வந்த 4.0 பதிப்பு பிட்டோரன்ட்டின் இரண்டாம் பதிப்பு நெறிமுறையையும் ஏற்கிறது. டெபியன் 12-இன் களஞ்சியத்தில் இருப்பது 3.00தான்.

கியூபிட்டோரன்ட்-நாக்ஸ், கியூபிட்டோரன்ட்டின் திரையில்லாத வடிவம். இயல்பான போர்ட் 8080. டெஸ்க்டாப்பில் இருக்கும் வசதிகளில் அனேகமாக எல்லாம் வெப் பக்கத்திலும் உண்டு. ஆயிரக்கணக்கான டோரன்ட்டுகளைத் தாங்குவதில் டிரான்ஸ்மிஷனைவிடத் தெம்பு அதிகம். ஒன்றைக் கவனியுங்கள்: 4.6.1-க்கு முந்தைய பதிப்புகளில் பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்ட் அட்மின்அட்மின். டெபியன் 12-இல் இருப்பது அந்தப் பழைய வகை. போட்ட உடனே மாற்றுங்கள். புதிய பதிப்புகளில் ஒரு தற்காலிக பாஸ்வேர்டை உருவாக்கி லாகில் எழுதிவிடும். நீங்களாக ஒன்றை அமைக்கும்வரை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது மாறிக்கொண்டே இருக்கும். "நேற்று வேலை செய்த பாஸ்வேர்ட் இன்று செல்லவில்லை" என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

டெலூஜ் பைத்தானில் எழுதப்பட்டது. டீமன் 58846-இல், வெப் பக்கம் 8112-இல். இரண்டும் தனித்தனி சர்வீஸ்கள், இரண்டையும் தொடங்க வேண்டும். இதன் பலம் பிளகின்களும், உங்கள் லேப்டாப்பில் உள்ள டெலூஜ் சாளரத்தையே நேராக சர்வரோடு இணைக்க முடிவதும். பலவீனமும் அதே இணைப்பில்தான்: 1.3 கிளையன்ட் 2.0 டீமனோடு பேசாது.

ஆர்டோரன்ட், டெர்மினலிலேயே வாழ்பவர்களுக்கு. வெப் பக்கம் வேண்டுமென்றால் ரூடோரன்ட்டைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு வெப் சர்வரும் பிஹெச்பியும் வேண்டும். இலகுவானதைத் தேடி வந்தவர் மூன்று மென்பொருள்களைப் பராமரிப்பதில் போய் முடிகிறது. இன்னொன்று: வெளி மென்பொருள்கள் ஆர்டோரன்ட்டுக்குக் கட்டளை அனுப்பும் எஸ்சிஜிஐ போர்ட்டுக்கு பாஸ்வேர்டே கிடையாது. அதை எட்ட முடிந்த எவரும் உங்கள் மெஷினில் கட்டளைகளை ஓட்டலாம். திறந்தே ஆக வேண்டுமென்றால் போர்ட்டுக்குப் பதில் யூனிக்ஸ் சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

ஆரியா2, முதலில் ஒரு டவுன்லோடர். ஹெச்டிடிபி, எஃப்டிபி, டோரன்ட் மூன்றையும் ஒரே இடத்தில் இறக்க அருமையானது. நீண்ட நாள் சீட் செய்வதற்கு ஏற்றதல்ல.

ரேம் எவ்வளவு வேண்டும்?

சில டஜன் டோரன்ட்டுகளுக்கு டிரான்ஸ்மிஷன் பெரும்பாலும் 100 எம்பிக்குள் அடங்கிவிடும். 1 ஜிபி ரேம் உள்ள மெஷின் தாராளம்.

கியூபிட்டோரன்ட்டைப் பார்த்துப் பலரும் பயப்படுவது வேறு விஷயம். அதன் அடியில் இருக்கும் லிப்டோரன்ட் நூலகத்தின் 2.0 பதிப்பு, டிஸ்க்கில் உள்ள கோப்புகளை மெமரி மேப்பிங் முறையில் கையாள்கிறது. ஹெச்டாப் போன்ற கருவிகளில் அந்தப் பக்கங்களும் கிளையன்ட்டின் கணக்கிலேயே சேர்ந்து தெரியும். அதில் பெரும்பகுதி, வேறு ப்ரோகிராம் கேட்டால் கர்னல் திருப்பி எடுத்துக்கொள்ளும் கேஷ்தான். ஆனாலும் 1 ஜிபி ரேமும் மெதுவான டிஸ்க்கும் சேர்ந்த இடத்தில் மெஷின் திணறவே செய்கிறது. அங்கே லிப்டோரன்ட் 1.2-ஐ வைத்துக் கட்டப்பட்ட கியூபிட்டோரன்ட்டைப் போடுங்கள், அல்லது டிரான்ஸ்மிஷனுக்கு வாருங்கள்.

செட்டிங்ஸ்.ஜேசனை மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

டிரான்ஸ்மிஷன் பற்றி மிக அதிகமாக வரும் கேள்வி இது. டீமன் ஓடும்போது அமைப்புகள் அதன் நினைவில் இருக்கும். நிற்கும் நேரத்தில் அவற்றை அப்படியே கோப்பில் எழுதிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் செய்த திருத்தம் அதன் அடியில் அழிந்துபோகிறது. வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. முதலில் சர்வீஸை நிறுத்துங்கள். ரீஸ்டார்ட் அல்ல, ஸ்டாப்.
2. ஈடிசி-க்குள் டிரான்ஸ்மிஷன்-டீமன் ஃபோல்டரில் இருக்கும் செட்டிங்ஸ்.ஜேசனை ரூட்டாகத் திறங்கள்.
3. ஆர்பிசி-பாஸ்வேர்ட் வரியில் சுருள் அடைப்புக்குறியில் தொடங்கும் நீளமான எழுத்துக்குவியல் இருக்கும். அது ஹேஷ் செய்யப்பட்ட பாஸ்வேர்ட். மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிய பாஸ்வேர்டைச் சாதாரண எழுத்தில் எழுதுங்கள். டீமன் எழுந்ததும் தானே ஹேஷ் செய்துகொள்ளும். புதிய பாஸ்வேர்ட் சுருள் அடைப்புக்குறியில் தொடங்கக் கூடாது. டெபியனில் பயனர் பெயர், பாஸ்வேர்ட் இரண்டுமே டிரான்ஸ்மிஷன் என்றுதான் இருக்கும், கட்டாயம் மாற்றுங்கள்.
4. டவுன்லோட்-டிர் வரியை உங்கள் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். இயல்பாக அது வார்-லிப் ஃபோல்டருக்குள், அதாவது ராஸ்பெர்ரி பையில் எஸ்டி கார்டுக்கே போகும்.
5. கோப்பைச் சேமித்துவிட்டு சர்வீஸைத் தொடங்குங்கள். எழவில்லையென்றால் சிஸ்டத்தின் லாகான ஜர்னலைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கமா கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும்.

டிரான்ஸ்மிஷனின் வெப் பக்கம் 403 என்கிறது. சிலருக்கு 421 வருகிறது. 409-உம் பார்த்தேன்.

மூன்றும் வெவ்வேறு காவல்.

403 வந்தால் உங்கள் ஐபி அனுமதிப் பட்டியலில் இல்லை. இயல்பாக சர்வருக்குள்ளிருந்து, அதாவது 127.0.0.1-இலிருந்து வருவதை மட்டுமே அது ஏற்கும். ஆர்பிசி-ஒயிட்லிஸ்ட்டில் ஒரு கமா போட்டு 192.168.1.* என்று சேர்த்தால் வீட்டுக்குள் எல்லாச் சாதனங்களிலும் திறக்கும். உங்கள் ரௌட்டர் வேறு வரிசை கொடுத்தால் அதற்கேற்ப எழுதுங்கள்.

421 வந்தால் ஐபி சரி, பெயர்தான் தவறு. சர்வரை ஐபி எண்ணால் அழைக்காமல் ஒரு ஹோஸ்ட் பெயரால் அழைத்திருப்பீர்கள். அந்தப் பெயரை ஆர்பிசி-ஹோஸ்ட்-ஒயிட்லிஸ்ட்டில் சேருங்கள். ஏதோ ஒரு வலைத்தளம் டிஎன்எஸ் ரீபைண்டிங் தந்திரத்தால் உங்கள் பிரவுசர் வழியாக டீமனைக் கட்டுப்படுத்த முடியும் என்று 2018-இல் தெரியவந்த பிறகு வந்த பாதுகாப்பு இது. எரிச்சலில் இதை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள்.

409 தவறே அல்ல. கிளையன்ட் முதல்முறை கேட்கும்போது டீமன் செஷன் எண்ணைத் திருப்பித் தரும் முறை அது. நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினால்தான் கண்ணில் படும். பதிலின் ஹெட்டரில் வரும் எண்ணை எடுத்து அடுத்த வேண்டுகோளில் சேர்த்து அனுப்பினால் வேலை முடிந்தது.

பர்மிஷன் டினைட் என்று நின்றுவிடுகிறது.

டெபியனில் டீமன் உங்கள் பெயரில் ஓடுவதில்லை. டெபியன்-டிரான்ஸ்மிஷன் என்ற தனிப் பயனராக ஓடுகிறது. உங்களுக்குத் திறக்கும் ஃபோல்டர் அதற்குத் திறக்க வேண்டும் என்பதில்லை.

டெஸ்க்டாப் உள்ள சிஸ்டத்தில் பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ செருகினால் மீடியா ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் தானாக மவுன்ட் ஆகும். அந்தப் பெயருள்ள ஃபோல்டரை வேறு பயனர்கள் கடக்கவே முடியாது. உள்ளே எத்தனை முறை 777 கொடுத்தாலும் பலன் இல்லை, தடை இருப்பது மேல் படியில். எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) வழியாக எஸ்ஆர்வி-யின் கீழோ எம்என்டி-யின் கீழோ மவுன்ட் செய்யுங்கள்.

அடுத்து, இறங்கிய கோப்பை நீங்களும் திருத்த, அழிக்க வேண்டும் அல்லவா? உங்கள் பயனரை டெபியன்-டிரான்ஸ்மிஷன் குழுவில் சேருங்கள். ஃபோல்டரின் குழுவை அதற்கே மாற்றி 2775 அனுமதி கொடுங்கள். முன்னால் உள்ள அந்த 2, உள்ளே உருவாகும் எல்லாவற்றையும் அதே குழுவில் வைக்கும். பிறகு செட்டிங்ஸில் யூமாஸ்க்கை, அதாவது புதிய கோப்புகளில் மறுக்கப்படும் அனுமதிகளின் எண்ணை, 2 ஆக்குங்கள். 3.00 பதிப்பில் இந்த எண் தசம முறையில் எழுதப்படுகிறது, அதனால்தான் இயல்பான மதிப்பு 18 என்று புதிராகத் தெரியும். அது நமக்குப் பழக்கமான 022தான். குழுவில் சேர்த்தபின் ஒருமுறை லாக்அவுட் செய்து வராவிட்டால் மாற்றம் உங்களுக்குத் தெரியாது.

எந்த டிஸ்க், எந்த ஃபைல் சிஸ்டம்?

இஎக்ஸ்டி4. லினக்ஸ் மெஷினோடு நிரந்தரமாக இருக்கப்போகும் டிஸ்க்குக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஆபத்து. என்டிஎஃப்எஸ்ஸை ஃப்யூஸ் வழியாக மவுன்ட் செய்தால் சின்ன ப்ராசஸரில் டிரைவரே சிபியுவைத் தின்றுவிடும். டிரான்ஸ்மிஷன் கனமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் டாப் கட்டளையில் முதல் வரியைப் பார்க்கட்டும். அங்கே நிற்பது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் டிரைவர்தான்.

டோரன்ட் துண்டுகள் வரிசையாக வருவதில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதப்படும். தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்குகள் இதில் படுத்துவிடும். அப்படிப்பட்ட டிஸ்க்தான் கையில் இருக்கிறதென்றால், இன்னும் இறங்கி முடியாத டோரன்ட்டுகளுக்கான ஃபோல்டரை ஒரு சின்ன எஸ்எஸ்டியில் வையுங்கள். முடிந்ததும் பெரிய டிஸ்க்குக்கு ஒரே சீராக நகலாகும். சாதாரண டிஸ்க் என்றால் இரண்டு ஃபோல்டர்களையும் ஒரே பார்ட்டிஷனில் வைப்பது நல்லது. அப்போது நகர்த்துவது பெயர் மாற்றம் மட்டுமே, ஒரு நொடியில் முடியும்.

ராஸ்பெர்ரி பை 4-இன் யூஎஸ்பி போர்ட்டுகள் நான்கும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். 2.5 இன்ச் டிஸ்க் ஒன்று தாங்கும். இரண்டு போட்டால் நடுவில் ஒன்று காணாமல் போகும். தனி பவர் உள்ள ஹப் வாங்குங்கள். பை 3-இல் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்கின்றன, அதனால் வேகத்தை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

டிஸ்க் மவுன்ட் ஆகாமல் எஸ்டி கார்டு நிரம்பிவிட்டது. எப்படித் தடுப்பது?

இது நடக்கும் விதம்: பூட் ஆகும்போது டிஸ்க் எழத் தாமதம். மவுன்ட் பாயின்ட் என்ற காலி ஃபோல்டர் மட்டும் இருக்கிறது. டீமனுக்கு அது டிஸ்க்கா, காலி ஃபோல்டரா என்று தெரியாது. புதிதாகச் சேர்த்த டோரன்ட்டை அங்கேயே எழுதத் தொடங்கும். பிறகு டிஸ்க் மவுன்ட் ஆனதும் எழுதியவை அதன் அடியில் மறைந்துவிடும். இடம் போயிருக்கும், கோப்பு கண்ணில் படாது.

மூன்று பூட்டு போடுங்கள். எஃப்எஸ்டேப்பில் டிஸ்க்கை அதன் தனி அடையாள எண்ணான யூயூஐடி-யால் குறிப்பிட்டு நோஃபெயில் சேருங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் பூட் ஆகும். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் டிரான்ஸ்மிஷன் சர்வீஸின் யூனிட் பகுதியில் ரிக்வயர்ஸ்-மவுன்ட்ஸ்-ஃபார் வரியைச் சேர்த்து, இடைக்கோடுகள் இல்லாமல் ஒரே சொல்லாக எழுதி, டிஸ்க்கின் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் வராமல் டீமன் எழாது. கடைசியாக, டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு அந்தக் காலி ஃபோல்டருக்கு இம்யூட்டபிள் கொடி போடுங்கள். அதன்பின் ரூட்கூட அதில் எழுத முடியாது, ஆனால் மேலே டிஸ்க்கை மவுன்ட் செய்யத் தடை இல்லை. இரண்டு நிமிட வேலை இது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

வெளியூரிலிருந்து எப்படிக் கட்டுப்படுத்துவது? 9091-ஐ ரௌட்டரில் திறக்கலாமா?

திறக்கவே கூடாது. எந்த கிளையன்ட்டின் வெப் பக்கத்தையும் நேராக இணையத்தில் வைக்காதீர்கள். என்க்ரிப்ஷன் இல்லாத பக்கத்தில் பாஸ்வேர்ட் திறந்த மடலாகப் போகும். கியூபிட்டோரன்ட்டில் டோரன்ட் முடிந்ததும் வெளி ப்ரோகிராம் ஒன்றை ஓட்டும் வசதி இருக்கிறது. உள்ளே நுழைந்தவருக்கு அது சர்வரின் சாவி.

லேப்டாப்பிலிருந்து என்றால் எஸ்எஸ்ஹெச் டனல் போதும். உங்கள் 9091-ஐ சர்வரின் 9091-க்கு இணைத்துவிட்டு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்டைத் திறங்கள். டீமனுக்கு வேண்டுகோள் 127.0.0.1-இலிருந்து வருவதாகத் தெரிவதால் ஒயிட்லிஸ்ட்டைத் தொடவே வேண்டாம்.

போனிலிருந்தும் வேண்டுமென்றால் ஒயர்கார்டு என்ற விபிஎன். ரௌட்டரில் ஒரே ஒரு யூடிபி போர்ட், வழக்கமாக 51820. சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. பை 4-இன் ப்ராசஸரில் ஏஇஎஸ்ஸுக்கான தனி வசதி கிடையாது. ஒயர்கார்டு பயன்படுத்துவது சாசா20 என்பதால் அந்தக் குறை பாதிக்காது. பொது ஐபி கிடைக்காத இணைப்பு என்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையைப் போடுங்கள்.

பீர் போர்ட்டைத் திறந்தும் மூடியிருப்பதாகவே காட்டுகிறது.

ரௌட்டரின் வான் ஐபியை, அதாவது இணையத்தின் பக்கம் அதற்குக் கிடைத்த ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்கிறார்கள், ரௌட்டரில் என்ன திறந்தாலும் அதற்கு வெளியே இன்னொரு மூடிய கதவு. நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி கேட்கலாம். ஐபிவி6 கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் ரௌட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் 51413-ஐ டிசிபி, யூடிபி இரண்டுக்கும் அனுமதித்தால் போதும்.

போர்ட் மூடியிருந்தாலும் இறங்குவது நிற்காது. நீங்களாகப் போய் மற்றவர்களைத் தொடலாம், அவர்களாக உங்களைத் தொட முடியாது. சீட் செய்வதில்தான் இழப்பு தெரியும்.

டோரன்ட் ஓடினால் வீட்டில் வீடியோ கால் திக்குகிறது.

அப்லோடை அளவிடுங்கள். அதுதான் காரணம், டவுன்லோட் அல்ல. அப்லோட் பாதை நிரம்பினால் மற்ற எல்லாவற்றின் ஒப்புகைப் பாக்கெட்டுகளும் வரிசையில் காத்திருக்கும். உங்கள் அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்றால் அது நொடிக்கு 2500 கிலோபைட். அதில் 80 சதவீதமான 2000-ஐ அப்லோட் வரம்பாகப் போடுங்கள்.

பகலில் இன்னும் குறைக்க டிரான்ஸ்மிஷனில் ஆமைப் படமுள்ள மாற்று வேகம் இருக்கிறது. நேரத்தை நள்ளிரவிலிருந்து நிமிடக் கணக்கில் எழுத வேண்டும்: காலை 9 மணி 540, மாலை 5 மணி 1020.

பழைய ரௌட்டர் தொங்கிவிடுகிறதென்றால் வேகம் அல்ல, இணைப்புகளின் எண்ணிக்கை. மொத்த பீர் வரம்பு இயல்பாக 200. அதை 80-க்கு இறக்கிப் பாருங்கள்.

டிரான்ஸ்மிஷனின் லாகில் "4194304 கேட்டேன், 425984தான் கிடைத்தது" என்று வருகிறதே?

யூடிபி பஃபர். கர்னல் தரும் உச்ச அளவு போதவில்லை. சிஸ்சிடிஎல் அமைப்பில் நெட்.கோர்.ஆர்மெம்_மேக்ஸ் மதிப்பை 4194304, நெட்.கோர்.டபிள்யூமெம்_மேக்ஸ் மதிப்பை 1048576 ஆக்கினால் அந்த வரி மறையும். செய்யாவிட்டாலும் பெரிய கேடில்லை.

டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) அவசியமா?

ஒரே ஒரு கிளையன்ட்டுக்கு அவசியமில்லை. ஏற்கெனவே எல்லாவற்றையும் டாக்கரில் ஓட்டுபவர் இதையும் அதிலேயே வைக்கட்டும். அப்போது கன்டெய்னரின் பயனர் எண்ணும் குழு எண்ணும் டிஸ்க் ஃபோல்டரின் சொந்தக்காரரோடு ஒத்துப்போக வேண்டும். கியூபிட்டோரன்ட்டில் வெப் போர்ட்டை மாற்றினால் உள்ளே, வெளியே இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள். இல்லையென்றால் அதன் பாதுகாப்புச் சோதனை உங்களையே வெளியே நிறுத்தும்.

போனில் மேக்னட் லிங்க்கை (டோரன்ட் கோப்புக்குப் பதிலாக வரும் இணைப்பை) தொட்டால் சர்வரில் சேர வேண்டும்.

ஆண்ட்ராய்டில் டிரெமோட்எஸ்எஃப் டிரான்ஸ்மிஷனுக்கு நன்றாக வேலை செய்கிறது. டிரான்ஸ்டிராய்டு ஏறக்குறைய எல்லா கிளையன்ட்டையும் அறியும். சர்வர் முகவரி, போர்ட், பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால் மேக்னட் லிங்க்கை அந்த ஆப் பிடித்துக்கொள்ளும். வெளியில் இருக்கும்போது முதலில் ஒயர்கார்டை ஆன் செய்யுங்கள்.

டிரான்ஸ்மிஷனிலிருந்து கியூபிட்டோரன்ட்டுக்கு மாறினால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டுமா?

வேண்டாம். டிரான்ஸ்மிஷனின் அமைப்பு ஃபோல்டருக்குள் டோரன்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். மேக்னட் வழியாகச் சேர்த்தவைகூட அங்கே டோரன்ட் கோப்பாகவே சேமிக்கப்பட்டிருக்கும். டிரான்ஸ்மிஷனை நிறுத்திவிட்டு அந்தக் கோப்புகளை கியூபிட்டோரன்ட்டில் சேருங்கள். சேமிக்கும் இடமாகப் பழைய டவுன்லோட் ஃபோல்டரையே காட்டுங்கள், உள்ளடக்க அமைப்பை ஒரிஜினல் என்றே விடுங்கள். பாதியில் நிற்பவற்றின் கோப்புப் பெயர் கடைசியில் .பார்ட் என்று டிரான்ஸ்மிஷன் ஒட்டியிருக்கும். பெயரிலிருந்து அந்தச் சொல்லை நீக்காவிட்டால் கியூபிட்டோரன்ட்டுக்கு அந்தக் கோப்பு தெரியாது, முதலிலிருந்து இறக்கத் தொடங்கிவிடும். டிரான்ஸ்மிஷனுக்கும் கியூபிட்டோரன்ட்டுக்கும் பயனர் வேறு என்பதால் ஃபோல்டர் அனுமதியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சேர்க்கும்போது கியூபிட்டோரன்ட் செய்யும் கோப்புச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். நொடிக்கு 100 எம்பி படிக்கும் டிஸ்க்கில் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எல்லாம் 100 சதவீதம் காட்டிய பிறகு டிரான்ஸ்மிஷனில் பழைய பட்டியலை நீக்குங்கள். அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும்: பட்டியலிலிருந்து மட்டும் நீக்குவது ஒன்று, தரவையும் சேர்த்து அழிப்பது மற்றொன்று. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.